கொள்ளுத்தண்ணி

வேண்டாம் தாயி, நீ சாப்பிடு. கோவில்பட்டியில பஸ் ஏறிட்டுக் கடலைமிட்டாய் வேண்டாம்னு சொல்ற ஆளை நீ இப்பத்தான் பாத்திருப்ப. ஆசை இல்லாம இல்ல. அந்த வெல்ல வாசத்துக்கே எனக்கு நாக்குல தண்ணி ஊறுது. தின்னா என்ன ஆகும் தெரியுமா? ஒரு துண்டு உள்ள போகட்டும், கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும், உடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும், கண்ணு இருட்டிக்கிட்டு வரும். பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லி ரோட்டோரம் ஓடணும். டிரைவரு என்னை அங்கயே விட்டுட்டுப் போயிருவாரு. நீ சாப்பிடு, நான் பாத்துக்கிட்டு வாரேன்.

ஏன் தள்ளி உக்காருற? ஒட்டுற வியாதியெல்லாம் இல்ல. ஆபரேசன். வயித்துல ஆபரேசன். சீச்சீ, அந்த மாதிரிக் கட்டியெல்லாம் இல்லம்மா. உடம்பு மெலியிறதுக்குப் பண்ணுவாகளே, அந்த ஆபரேசன்.

சொல்லிட்டேன் பாரு. ஊருக்குள்ள ஒருத்திகிட்ட வாயைத் திறக்காதவ, பேரு தெரியாத உன்கிட்டச் சொல்லிட்டேன். நீ மதுரையில இறங்கி உன் பாட்டுக்குப் போயிருவ, உன்னால எனக்கு ஒரு கெடுதலும் வராது. கூடப் பிறந்தவளை நம்பித்தான் நான் கெட்டேன்.

இந்தா, போன்ல இந்தப் போட்டோவைப் பாரு. பச்சைச் சேலை கட்டியிருக்கிறது யாருன்னு சொல்லு. எங்க அம்மாவா? நல்லாச் சொன்ன போ. நான்தான்மா அது. போன வருசம் சித்திரையில எடுத்தது. பாத்தியா, நீயே என் மூஞ்சியையும் போனையும் மாத்தி மாத்திப் பாக்குற. எல்லாரும் அப்படித்தான் பாத்தாக. அப்படிப் பாக்கும்போது எனக்கு எம்புட்டுச் சந்தோசமா இருக்கும்ங்கிற!

எனக்குக் கோவில்பட்டியில தையக்கடை. ஜாக்கெட் மட்டும்தான் தைக்கிறேன். எங்க பக்கத்துப் பொம்பளைக அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். எவ பெருத்தா, எவ மெலிஞ்சான்னு அவ புருசனுக்கு முந்தி எனக்குத் தெரிஞ்சிரும். என் உடம்புதான் என் பேச்சைக் கேக்கலை. மிசின்ல உக்காந்தா வயிறு பலகையில இடிக்கும். முட்டி தேஞ்சு போச்சு, சுகர் வந்துச்சு, படுத்தா மூச்சு வாங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். நாத்தனா மகன் கல்யாணத்துல போட்டோ எடுக்கிறவன், "அம்மா, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பின்னாடி மூணு பேரு மறையுறாங்க"ன்னான். மண்டபமே சிரிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரும் சேந்து சிரிச்சாரு. எனக்கு அழுகையா வந்துருச்சு, சாப்பிடாம வீட்டுக்கு வந்துட்டேன். வந்து சட்டியில இருந்த சோத்தைப் பூராம் தின்னேன், அது வேற விசயம்.

மதுரையில ஒரு ஆசுபத்திரி, பேரு எதுக்கு. இரைப்பையில முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைத் தைச்சு விட்டாக. நானும் தையக்காரி, அவுகளும் தையக்காரவுக. கூட வந்து இருந்தது என் தங்கச்சி வெயிலாச்சிதான். எங்க வீட்டுக்காரருக்கு ஆசுபத்திரி வாசம் ஆகாது. அவதான் இருந்தா. ஆபரேசன் முடிஞ்சு தண்ணிக்குத் தவிச்சேன் பாரு, அப்படி ஒரு தவிப்பு எதிரிக்கும் வரக்கூடாது. மருந்துப் பாட்டில் மூடி இருக்கில்ல, அந்த மூடித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சணும். மடக்குன்னு குடிச்சா உசுரு போற வலி. வெயிலாச்சி அந்த மூடியைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே உக்காந்திருப்பா. "கொஞ்சம் இருக்கா, கொஞ்சம் இரு, இப்ப ஒரு வாய்"ம்பா. பச்சைப்பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி குடுத்தா. அதை நான் இல்லைன்னு சொல்லலை. பண்ணினதைப் பண்ணினான்னு சொல்லணும்.

அப்பத்தான் அவகிட்டச் சத்தியம் வாங்கினேன். வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாக? "வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டு வந்துட்டா"ம்பாக. நாத்தனா ஒருத்தி போதும், ஊரு பூராம் பரப்பிருவா. திருப்பூருல தம்பி வீட்டுல இருக்கேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தோம். "உன் மக கௌசி மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு"ன்னேன். அவ முழிச்சா. "அக்கா, பிள்ளை மேல எதுக்கு, சாமி மேல பண்ணுதேன்"னா. சாமின்னா ஒரு தேங்கா உடைச்சுச் சரிக்கட்டிருவான்னு எனக்குத் தெரியாதா? பிள்ளை மேலதான்னு நின்னேன். கட்டுப்போட்ட வயிறோட கெஞ்சுறேன், என்ன செய்வா? பண்ணினா.

மெலிஞ்சேன். மளமளன்னு மெலிஞ்சேன். ஆனா அதுக்கப்புறம் ஆரம்பிச்சுச்சு பாரு ரோதனை, அதை எவனும் சொல்லலை. ஒரு இட்லியைப் பிய்ச்சுப் பிய்ச்சு மென்னுக்கிட்டே இருக்கணும். கூட ஒரு வாய் போச்சுன்னா நெஞ்சுல கல்லு மாதிரி நிக்கும், போய் வாந்தி எடுக்கணும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக்கூடாது. மாத்திரை, ஊசி, அந்த மாவு ஒண்ணு, பாலுல கலக்கிக் குடிக்கிறது, சுண்ணாம்பு நாத்தம். தலையில கையை வச்சா முடி கொத்துக் கொத்தா வருது. கையில தோலு தொங்குது பாரு, அதுக்குத்தான் இந்த வெயில்லயும் முழங்கை வரைக்கும் ஜாக்கெட் போட்டிருக்கேன். பசியும் இல்ல, ஆனா ஆசை போகலை. ஒரு வருத்தம்னா முந்தி ரெண்டு புரோட்டா தின்னுட்டுப் படுப்பேன், மனசு அடங்கிரும். இப்ப வருத்தம் வந்தா அதை வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கேன். எங்க வீட்டுக்காரரு கடையிலதான் சாப்பிட்டுட்டு வாராரு. அவரு தட்டையே நான் பாக்கேனாம், அவருக்குச் சோறு இறங்கலையாம்.

டாக்டரு இதையெல்லாம் முன்னாடியே சொல்ல வேண்டாமா? ஏமாத்திட்டாரும்மா. வெயிலாச்சிகிட்டச் சொல்லி அழுதேன். அதுக்கு அவ, "அக்கா, அவரு உக்காத்தி வச்சு எல்லாத்தையும் சொன்னாரு. நீதான் எவ்வளவு குறையும், எவ்வளவு குறையும்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்த"ங்கா. அவ என்னைக்கு எனக்குப் பரிஞ்சு பேசியிருக்கா!

சரி, இம்புட்டு ரோதனைக்கும் ஒரே ஆறுதல் என்னன்னா, கடைக்கு வார பொம்பளைக மூஞ்சி. "யக்கா, சினிமாக்காரி மாதிரி ஆயிட்டீகளே, என்ன பண்ணினீக?"ன்னு ஒருத்தி கேட்டா. என்னத்தையாவது சொல்லணுமில்ல? வாயில கொள்ளுன்னு வந்துச்சு. "காலையில கொள்ளு அவிச்ச தண்ணி ஒரு டம்ளரு, மத்தியானம் ஒரு கை ரசஞ்சோறு, ராத்திரி ஒண்ணும் கிடையாது, நல்லா நடக்கணும்"னேன். அது பொய்யா? நீயே சொல்லு. நான் ஒரு கை ரசஞ்சோறுதானே தின்னேன்? அதுக்கு மேல இறங்கலைங்கிறது என்னோட விசயம். கொள்ளு உடம்புக்கு நல்லதுதான். குதிரை தின்னுட்டு எப்படி ஓடுது!

அப்புறம் பாரு, அளவு குடுக்க வாரவ எல்லாம் என்கிட்ட யோசனை கேப்பா. கொள்ளை வறுக்கணுமா, ஊறப் போடணுமா, சீரகம் சேக்கலாமா? எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன். என் வாழ்க்கையில என்னை யாரு யோசனை கேட்டா? இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. "சம்முகத்தாயக்காவுக்கு என்னா வைராக்கியம்"னு பேசிக்கிட்டாக. அந்த வார்த்தையைக் கேக்கும்போது பசிச்ச வயித்துக்குப் பாயாசம் குடிச்ச மாதிரி இருக்கும், இந்தப் படபடப்பெல்லாம் இல்லாம.

அப்படித்தான் கௌசியும் வந்தா. வெயிலாச்சி மகதான், அந்தச் சத்தியத்துப் பிள்ளை. காலேஜு முடிச்சிருக்கா. அவளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தாக. பொண்ணு பாக்க வந்தப்போ அந்த வீட்டுப் பொம்பளை ஒருத்தி, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்புல இருக்கு"ன்னுட்டுப் போனா. அதுல இருந்து பிள்ளை மூஞ்சி வாடிப் போச்சு. "பெரியம்மா, நீங்க பண்ணின மாதிரி நானும் பண்ணுதேன்"னு வந்து நின்னா. எனக்குப் பெருமை தாங்கலை. சொல்லிக் குடுத்தேன்.

பிடிவாதக்காரி. ரசஞ்சோத்தையும் விட்டுட்டுத் தண்ணியை மட்டும் குடிச்சிருக்கா. வந்து வந்து ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தைக்கக் குடுப்பா. நாங்க ஜாக்கெட்டுல உள்ள கொஞ்சம் துணி மடிச்சு விட்டுத்தான் தைப்போம், பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம்னு. நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த பட்டு ஜாக்கெட்டை நான் பிடிச்சுத் தைக்கும்போது, "இனி உனக்கு இது எதுக்குடி"ன்னு அந்த உள்துணியைக் கத்தரிச்சே எறிஞ்சிட்டேன். அவளுக்கும் சந்தோசம். என் ஜாக்கெட்டா? என்னோடதுல உள்துணி எல்லாம் அப்படியேதான் இருக்கு. கவனமா இல்லைன்னா திரும்ப ஏறினாலும் ஏறும்னு டாக்டரு சொல்லியிருக்காரில்ல? நான் என்ன கூறு கெட்டவளா?

"பெரியம்மா, எந்திரிச்சா தலை சுத்துது"ன்னா. எனக்கும்தான் சுத்துச்சு, பழகிரும்னேன். "முடி கொட்டுது பெரியம்மா"ன்னா. எனக்கும்தான் கொட்டுது, முளைச்சிரும்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? எனக்கும் அப்படித்தானே ஆச்சு?

வெயிலாச்சி ஒருநாள் கடைக்கு வந்தா. கூட்டம் போகிற வரைக்கும் காஜா கட்டிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் மெதுவா, "அக்கா, பிள்ளை ஒண்ணும் திங்க மாட்டேங்கா. நான் சொன்னா ஏறலை. பெரியம்மா பண்ணினாகள்லன்னு சண்டைக்கு வாரா. அவகிட்ட மட்டும் நிசத்தைச் சொல்லிரேன்"னா. எப்படிச் சொல்ல? சின்னப்பிள்ளை, வாய்ல நிக்குமா? நாளைக்குக் கல்யாணமாகிப் போற வீட்டுல சொல்லுவா, அங்க இருந்து என் நாத்தனா காதுக்கு வர எம்புட்டு நேரமாகும்? "கல்யாணம் முடியட்டும், தானா திங்க ஆரம்பிச்சிருவா"ன்னேன். "அப்ப நானாவது சொல்லட்டுமா"ன்னா. "உன் பிள்ளை மேல பண்ணின சத்தியத்தை மறந்துட்டியா"ன்னேன். அவ காஜா கட்டின ஜாக்கெட்டை மடிச்சு வச்சிட்டுப் போயிட்டா. அப்பவே எனக்கு அவ மேல ஒரு சந்தேகம்தான்.

அப்புறம் வெயிலாச்சி, அவ புருசன் வீட்டுக் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு வச்சா. கௌசிக்கு மாப்பிள்ளை அமைஞ்சா வெட்டுறதா நேந்துக்கிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளும் வந்திருந்தாக. எங்க பக்கம் கிடா விருந்துன்னா இலையில வச்ச கறியை மிச்சம் வைக்கக்கூடாது. வச்சா விருந்து போட்டவுகளை அவமானப்படுத்தினதாயிரும். அதோட வரிசை முழுக்கச் சாப்பிட்டு முடிச்சாத்தான் எந்திரிக்கணும். என் நிலைமையைப் பாரு. பெரியம்மாக்காரின்னு ஈரலு, நெஞ்செலும்புன்னு அள்ளி அள்ளி வைக்காக. நாத்தனா எதுத்த வரிசையில உக்காந்து என் இலையையே பாக்கா. நான் என்ன செய்ய? பக்கத்துல கௌசி. யாரும் பாக்காதப்போ என் கறியை அவ இலைக்குத் தள்ளுனேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கேன், அவ அதை எடுத்துப் பின்னாடி நின்ன நாய்க்குப் போட்டுக்கிட்டு இருக்கா. கெட்டிக்காரின்னு நினைச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டோம்.

கை கழுவ எந்திரிச்ச கௌசி அப்படியே விழுந்துட்டா. அண்டாவுல நெத்தி இடிச்சு ரத்தம். வெயிலாச்சி பந்தியைத் தாண்டி ஓடியாந்து அவளை மடியில போட்டுக்கிட்டா. நான் தண்ணி தெளிச்சேன். "ஒண்ணும் இல்ல, வெயிலு மயக்கம்தான்"னேன். அவ்வளவுதான் சொன்னேன். என் கையைத் தட்டி விட்டா. எல்லாரும் நிக்காக. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக நிக்காக, என் நாத்தனா நிக்கா. அப்பக் கத்துனா பாரு.

"கொள்ளு குடிச்சு மெலியலை இவ! மதுரையில வயித்தை வெட்டி எடுத்துட்டு வந்தா. நான்தான் கூட இருந்தேன். எம்பிள்ளை மேல சத்தியம் வாங்கினியே அக்கா, எம்பிள்ளையே கிடக்கா பாரு, இனி யாருக்குடி சத்தியம்?"

அக்காவைப் போய் 'டி'ன்னா. அத்தனை பேரு முன்னாடி.

பிள்ளையை அந்த மாப்பிள்ளைப் பையன்தான் தூக்கிக்கிட்டுக் காருக்கு ஓடினான். உப்பு ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னு ஆசுபத்திரியில வச்சிருந்தாக. பிழைச்சுக்கிட்டா, நல்லாத்தான் இருக்கா. அவன், "எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும், எப்படி இருந்தாலும் சரி"ன்னுட்டான். அப்படின்னா யாருக்கு என்ன நட்டம்? யோசிச்சுப் பாரு. அவ பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை, கல்யாணமும் நிக்கலை. நட்டப்பட்டது நான் ஒருத்திதான். நாத்தனா வாயை இடுக்கிக்கிட்டுச் சிரிச்சது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. கடைக்கு வாரவளுக அளவு குடுத்துட்டுப் பேசாமப் போறாளுக. எந்த யோசனையும் கேக்கிறதில்ல. மயக்கம் போட்டா ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். அதுக்கு என் மானத்தை எதுக்குப் பந்தியில போட்டு மிதிக்கணும்? என் கூடப் பிறந்தவம்மா அவ. மூடித் தண்ணி பிடிச்ச அதே கை.

அதுல இருந்து அவகூடப் பேச்சு வார்த்தை கிடையாது. போன வாரம் கௌசி வந்தா, அந்தப் பட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கிட்டு. கன்னமெல்லாம் தெளிஞ்சிருக்கு பிள்ளைக்கு. "பெரியம்மா, பத்தலை, பிரிச்சு விடுங்க. நீங்க நிச்சயதார்த்தத்துக்கு வரணும்னு அம்மா சொல்லச் சொன்னாக"ன்னா. நான் ஜாக்கெட்டைத் திருப்பிப் பாத்தேன். பிரிச்சு விட உள்ள துணி எங்க இருக்கு? "துணி இல்ல, போ"ன்னுட்டேன். பிள்ளை ஜாக்கெட்டை மடிச்சு எடுத்துக்கிட்டு, "எங்க அம்மா தினமும் உங்களை நினைச்சு அழுகாக பெரியம்மா"ன்னுட்டுப் போனா. அழட்டும். நான் அழுகலையா? செக்கப்புக்கு எப்பவும் அவதான் கூட வருவா. இன்னைக்குப் பாரு, அனாதை மாதிரித் தனியாப் போறேன். போன தடவை ரத்தம் எடுத்தப்போ அவ கையைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

விருதுநகர் வந்துருச்சு. கூட்டம் ஏறுது, கொஞ்சம் நெருங்கி உக்காரு தாயி.

ஏ… யாரு அது? குருவம்மாவா! அடியே, எங்க தெருவுல இருந்தவடி நீ, விருதுநகருக்கா வந்துட்ட? நான்தான்டி, சம்முகத்தாயி! ஆமாடி, நானேதான். அட, கிள்ளிப் பாக்காத, வலிக்குது. இது யாரு, உன் மகளா? அடேயப்பா, என்னமா வளந்துட்டா. வா கண்ணு, இந்தக் கம்பியைப் பிடிச்சு நில்லு. கல்யாணத்துக்குப் பாக்கீகளா? குண்டா இருக்கான்னு தட்டிப் போகுதா? அடப் பாவமே.

என்னது, ஆபரேசனா? சீச்சீ, யாருடி சொன்னா? அதெல்லாம் காசு இருக்கிறவுக பண்ணுறது. நமக்கு எதுக்கு? எல்லாம் வைராக்கியம்தான். காலையில எந்திரிச்சதும் கொள்ளுத்தண்ணி ஒரு டம்ளரு…

ஏன் தாயி கையை இழுக்குற? சும்மா இரு, நம்ம பேசினது நமக்குள்ள.

ம், கேளு கண்ணு, நீ கேளு. கொள்ளை முந்தின நாளே ஊறப் போட்டிரு. மத்தியானம் ஒரு கை ரசஞ்சோறு. ராத்திரிக்கு ஒண்ணும் கிடையாது. தலை சுத்தும், அதைப் பாக்காத. எனக்கும்தான் சுத்துச்சு. பழகிரும்.

ஏம்மா, நீ எதுக்கு எந்திரிக்கிற? மதுரைதான் இன்னும் வரலையே. அந்தப் பிள்ளையை எதுக்கு உன் இடத்துல உக்காத்தி வைக்கிற? குருவம்மாகிட்ட உனக்கு என்ன பேச்சு? இந்தா… இந்தாம்மா, உக்காரு. உன் பேருகூட எனக்குத் தெரியாதே தாயி, உன்னை நம்பித்தானே சொன்னேன்.